அட்டையா, கம்பியா, தெர்மாகோலா? கையால் செய்யும் அலங்கார வளையத்துக்கு எது கட்டுபடியாகும்

கதவில் மாட்டும் அலங்கார வளையத்தை வீட்டிலேயே செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, அடியில் எந்த வளையத்தை வைப்பது என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் செலவு அங்கே ஆவதில்லை. மேலே சுற்றும் நூல், துணி, காகிதப் பூ, ரிப்பன் இவற்றில்தான் காசு கரையும். எவ்வளவு கரையும் என்பதை வளையத்தின் அகலமும் தடிமனும் தீர்மானித்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிவிட்டம் 30 செ.மீ., பட்டையின் அகலம் 5 செ.மீ. உள்ள தட்டையான அட்டை வளையம் ஒன்று. அதன் வெளிச்சுற்று சுமார் 94 செ.மீ. 3 மி.மீ. தடிமன் உள்ள உல்லன் நூலை இடைவெளி தெரியாமல் சுற்ற 310 சுற்றுக்கு மேல் வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்தரை செ.மீ. போகும். ஆக, கிட்டத்தட்ட 33 மீட்டர் நூல். இதே வெளிவிட்டத்தில் 5 செ.மீ. தடிமனாக உருண்டையாக இருக்கும் தெர்மாகோல் வளையம் என்றால் ஒரு சுற்றுக்கே பதினாறு செ.மீ. ஆகிவிடும், மொத்தம் 49 மீட்டர். அட்டைப் பட்டையை 3 செ.மீ. அகலத்துக்குக் குறைத்தால் 20 மீட்டர் போதும். சுவரில் பார்க்கும்போது இந்த மூன்றும் ஒரே அளவு வளையங்கள். நூல் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது.

அதனால் வளையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விலையோடு சேர்த்து, அது எவ்வளவு பொருளை விழுங்கும் என்றும் பார்க்க வேண்டும். கூடவே இன்னொன்று: அந்த வளையத்தை முழுக்க மூடியே ஆக வேண்டுமா, அல்லது கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் அழகாக இருக்குமா?

அட்டை

வீட்டில் கிடக்கும் நெளி அட்டைப் பெட்டி போதும். சாப்பாட்டுத் தட்டு ஒன்று, அதைவிடச் சின்னத் தட்டு ஒன்று, இரண்டையும் நடுமையம் பார்த்துக் கவிழ்த்து வரைந்தால் வளையம் கிடைத்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டினால் உள்ளே இருக்கும் நெளிவு நசுங்கி விளிம்பு தொய்ந்துவிடும். கட்டரை லேசாக மூன்று நான்கு முறை ஓட்டி வெட்டுவது நல்லது.

அட்டை வளையம் சீக்கிரம் மடங்கிவிடும் என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒற்றை அட்டை என்றால் மடங்கத்தான் செய்யும், ஆனால் எல்லா இடத்திலும் மடங்காது. நெளிவுக் கோடுகள் பட்டையைக் குறுக்கே வெட்டிப் போகும் இரண்டு இடங்களில், அதாவது எதிரெதிரே, மட்டும்தான் மடங்கும். மற்ற இரு பக்கங்களில் கோடுகள் பட்டையோடு நீளவாக்கில் ஓடுவதால் அங்கே விறைப்பாகவே இருக்கும். எனவே இரண்டு வளையங்கள் வெட்டி, இரண்டாவதைக் கால் வட்டம் திருப்பி ஒட்டிவிட வேண்டும். ஒன்றின் பலவீனமான இடத்தில் மற்றதன் பலமான இடம் வந்து உட்காரும். ஒட்டியபின் கனமான புத்தகங்களை மேலே வைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் வளையாமல் காயும். பசையைப் பூசிவிட்டு அப்படியே திறந்து வைத்தால் ஈரம் பட்ட பக்கம் சுருங்கி, வளையம் கிண்ணம் போலக் குழிந்துவிடும்.

அட்டையின் உண்மையான எதிரி ஈரம். வாசலுக்கு வெளியே மாட்டப் போகிறீர்கள் என்றால், நூல் சுற்றுவதற்கு முன் பேக்கிங் டேப்பை அட்டை முழுக்க இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். மழையில் நனைந்தால் அப்போதும் தாங்காது. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும்.

தட்டையாக இருப்பதுதான் குறை என்றால் அதற்கும் வழி உண்டு. கசக்கிய செய்தித்தாளை முன்பக்கம் வைத்து டேப்பால் இறுக்கினால் மேடு வரும், பின்பக்கம் தட்டையாகவே இருந்து கதவோடு ஒட்டி நிற்கும். ஆனால் மேடு ஏற ஏற மேலே சொன்ன நூல் கணக்கும் ஏறும்.

தெர்மாகோல்

வட்டம் பிசகாது, எடை இல்லை, தடிமன் தானாகவே இருக்கும். பார்த்ததும் இதுதான் சரி என்று தோன்றும். பசைதான் இங்கே சிக்கல். சாதாரண குளூ கன்னில் வரும் பசை 190 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். தெர்மாகோலோ 100 டிகிரிக்கு அருகிலேயே இளகிக் குழிந்துவிடும். பூவை அழுத்தி வைத்தால் பூவோடு சேர்ந்து ஒரு பள்ளமும் வரும். குறைந்த சூட்டில் வேலை செய்யும் குளூ கன் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், அதுவும் பசையை முதலில் பூவில் வைத்து, சில நொடி ஆறவிட்டு ஒட்ட வேண்டும். ஸ்ப்ரே பெயிண்ட் இன்னும் மோசம். பல ஸ்ப்ரேக்களில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலை அப்படியே அரித்துவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் தெர்மாகோல் வேண்டவே வேண்டாமா? ஒரு விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை. குண்டூசி. பசையே தொடாமல் பூ, ரிப்பன், துணி எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி நிறுத்தலாம். அலுத்துப்போனதும் பிடுங்கிவிட்டு வேறு அலங்காரம் செய்யலாம். அடிக்கடி மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு, ஒரே வளையத்தைப் பல வருடம் உழைக்க வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு முறை செய்து ஒட்டிவிட்டு முடிக்கப் போகிறவர் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெரிய தெர்மாகோல் தாளில் நீங்களே வட்டம் வெட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உதிரும் வெள்ளை மணிகள் உடை, தலைமுடி, தரை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போகாது.

ஹேங்கர் கம்பி

உலோக ஹேங்கரை இழுத்து வட்டமாக்கினால் ஏறக்குறைய 30 செ.மீ. விட்டமுள்ள வளையம் கிடைக்கும், மாட்டுவதற்குக் கொக்கியும் கூடவே வரும். கையால் மட்டும் வளைத்தால் மூலைகள் மூலைகளாகவே நிற்கும். வட்டமான வாளியையோ பானையையோ சுற்றி அழுத்திக்கொண்டே போனால் ஓரளவு ஒழுங்காகும். முழு வட்டம் வராவிட்டாலும் கவலை இல்லை, மேலே வருவது அடர்த்தியான துணியாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

கம்பியில் நூலைச் சுற்றினால் வளையம் ஒல்லிக்குச்சியாகவே இருக்கும், பூ ஒட்ட இடமும் கிடையாது. எதையாவது முடிச்சுப் போட்டுக் கட்ட மட்டும்தான் அது லாயக்கு. அந்த வேலையில் அதை மிஞ்ச வேறு எதுவும் இல்லை, ஏன் என்று கீழே துணியைப் பற்றிப் பேசும்போது தெரியும். கொக்கியின் கூர்முனையையும் வெட்டிய நுனிகளையும் குறடால் மடக்கிவிடுங்கள், குழந்தைகள் கைபடும் உயரத்தில் தொங்கப் போகிறதென்றால் கட்டாயமாக.

மீதி உள்ளவை

முறுக்கிய செய்தித்தாளை வட்டமாகக் கட்டி டேப் சுற்றினால் காசில்லாமலே உருண்டை வளையம் வரும். கொஞ்சம் கனம், ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர்க் குழாய்களுக்கு மேல் போடும் நுரைக் குழலை வளைத்து முனைகளை டேப்பால் சேர்த்தும் செய்யலாம். ஒரு மீட்டர் குழலில் 30 செ.மீ. சொச்சம் விட்டம் வரும். அந்த நுரை பாலிதீன் வகை என்பதால் பசை அதில் சரியாகப் பிடிக்காது, இன்று ஒட்டிய பூ நாளை உரிந்து வரும். சுற்றலாம், கட்டலாம், ஒட்டக் கூடாது.

கொடியாலும் மெல்லிய குச்சியாலும் செய்யும் வளையத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பச்சையாக இருக்கும்போது மூன்று நான்கு சுற்று வளைத்து, நுனிகளை இடுக்கில் செருகிக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். காய்ந்த கொடி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் வளையும். இதன் பெரிய லாபம், முழுக்க மூட வேண்டியதே இல்லை. கீழே ஒரு பக்கத்தில் நாலைந்து பூ, இரண்டு இலை, ஒரு ரிப்பன் வைத்தால் போதும். மேலே போகும் பொருள் கால்வாசிக்கும் கீழே வந்துவிடும். சணல் கயிறு சுற்றிய ஒல்லி அட்டை வளையத்துக்கும், பழைய எம்பிராய்டரி பிரேமுக்கும் இதே லாபம் உண்டு. ஆக, உள்ளதிலேயே மலிவான வளையம் எது என்று கேட்டால், தானே பார்க்க நன்றாக இருக்கும் வளையம் என்பேன்.

மேலே எதைப் போடுவது

உல்லன் நூல் சுத்தமாக, வழவழப்பாக வரும். 50 கிராம் கண்டில் மேலே சொன்ன தடிமன் நூல் சுமார் 80 முதல் 100 மீட்டர் வரை இருக்கும் என்பதால், ஒரு கண்டு இரண்டு தட்டை வளையத்துக்குத் தாராளம். சலிப்புத்தான் விலை. முந்நூறு சுற்றுக்கு முந்நூறு முறை கண்டு வளையத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், அது உருண்டு ஓடும், சிக்கிக்கொள்ளும். நீளமான அட்டைத் துண்டு ஒன்றில் ஐந்து ஆறு மீட்டர் நூலை மட்டும் சுற்றி வைத்துக்கொண்டு அதை நுழைத்தால் வேலை வேகமாக நகரும். உள்வட்டம் சின்னது என்பதால் நூல் அங்கே நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், வெளிவட்டத்தில் இடைவெளி விடும். பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒருமுறை விரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிச் சரிசெய்துகொண்டே போனால் கடைசியில் பிரித்துச் சுற்ற வேண்டிவராது. அட்டையின் நிறம் இடுக்கில் எட்டிப் பார்க்கும் என்று பயந்தால், அதே நிறத்தில் அட்டைக்கு முதலில் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

துணிக் கீற்று என் கட்சி. கம்பி வளையம், பழைய பருத்தித் துணி, இரண்டே பொருள். துணியை இரண்டரை செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் கம்பியில் ஒற்றை முடிச்சாகக் கட்டி, பக்கத்து முடிச்சோடு நெருக்கித் தள்ள வேண்டும். முடிச்சு ஒன்று ஏழு மி.மீ. இடத்தை அடைக்கும் என்று வைத்தால், 30 செ.மீ. வளையத்துக்கு 130, 135 கீற்று. அதற்கு அரை சதுர மீட்டர் துணி போதும், ஒரு பழைய முழுக்கைச் சட்டையிலேயே அதற்கு மேல் கிடைக்கும். பருத்தித் துணியில் ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டுப் பிடித்து இழுத்தால் நூல் போன போக்கில் நேர்கோடாகக் கிழியும், கத்தரி தேவையே இல்லை. ஓரத்தில் பிரியும் நூலிழைகள்தான் இந்த வளையத்துக்கு அழகு. பாலியஸ்டர் கலந்த துணி இப்படிக் கிழியாது, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும், ஓரமும் விறைப்பாக நிற்கும்.

இதில் பசை இல்லை, சூடு இல்லை, காயக் காத்திருப்பதும் இல்லை. முடிச்சுப் போடத் தெரிந்த எந்தக் குழந்தையும் கூட உட்காரலாம். பாதியில் எழுந்து போய்விட்டு அடுத்த வாரம் தொடரலாம். நிறம் பிடிக்கவில்லையா, நாலு முடிச்சை அவிழ்த்து வேறு நான்கு போட்டால் ஆயிற்று. தூசி படிந்தால் உதறினால் போதும். ஒரே குறை, எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கலைந்த தலை மாதிரிதான் நிற்கும். நறுவிசான, கச்சிதமான தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் நூல் பக்கம் போகலாம்.

காகிதப் பூ பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விட எடுப்பு, பொருள் செலவும் குறைவு. நேரம்தான் போகும். வட்டமாக வெட்டிய தாளைச் சுருள் சுருளாக உள்நோக்கி வெட்டி, வெளிமுனையிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் மிஞ்சும் வட்டத்தில் பசை வைத்து உட்கார வைத்தால் ரோஜா மாதிரி வரும். 4 செ.மீ. பூக்களாகவே செய்தால் மேலே சொன்ன வளையத்தை மூட 35, 40 வேண்டும். ஒன்றுக்கு நாலைந்து நிமிடம் என்று வைத்தாலும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். 8 செ.மீ. பூ ஐந்து, நடுத்தரம் பத்து, இடையிடையே இலை என்று கலந்தால் நேரம் பாதியாகும், பார்வைக்கும் ஒரே மாதிரி அடுக்கியதாக இருக்காது. தாள் ரொம்பத் தடிமனாக இருந்தால் சுற்றியபின் விர்ரென்று விரிந்துகொள்ளும். பிரிண்டரில் போடும் சாதாரண 80 கிராம் தாளே நன்றாக அடங்கும்.

வெயில் படும் இடத்தில் காகிதம் வெளிறும் என்பதையும் யோசிக்க வேண்டும். கிரேப் பேப்பர் சீக்கிரம் மங்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே சாயம் ஓடும். செய்தித்தாளில் செய்த பூ பழுப்பாகும்; மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் நிறம் மாறுவதுதான் காரணம். பழைய சாயல் வேண்டும் என்று செய்கிறவர்களுக்கு அது நல்லதாகவே போய்விடும்.

ஃபெல்ட் துணியில் செய்யும் பூவை வெட்டிய இடத்தில் நூல் பிரியாது, உறுதியும் அதிகம், ஆனால் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். பொத்தான் வளையம் கேட்க நன்றாக இருக்கும், கனத்துப்போகும். வீட்டில் ஏற்கெனவே ஒரு டப்பா நிறையப் பொத்தான் சேர்ந்திருந்தால் ஒழிய வேண்டாம். முட்டை அட்டையின் குழிகளை வெட்டி, விளிம்பை இதழாகப் பிரித்துப் பெயிண்ட் அடித்தால் காசில்லாமல் பூ கிடைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு ஏற்ற வேலை. கடையில் வாங்கும் செயற்கைப் பூவால் முழு வளையத்தையும் நிரப்ப நினைத்தால், செய்து முடித்த வளையத்தையே வாங்கிவிடுவது பெரும்பாலும் லாபம். ஒரே ஒரு கொத்து வாங்கிப் பிரித்து, கொடி வளையத்தின் ஓரத்தில் வைப்பது வேறு கதை.

ஒட்டுவதில் உள்ள கணக்கு

குளூ கன் இல்லாதவர் இந்த ஒரு வளையத்துக்காக அதை வாங்கினால், மலிவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும். ஏற்கெனவே இருந்தால் சரி. ஒரு நிமிடத்துக்குள் பிடித்துக்கொள்ளும், கனமான பூவையும் தாங்கும். விரல் சுடும் என்பதால் பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். சிலந்தி நூல் மாதிரி இழுபடும் பசை இழைகளை ஹேர் டிரையரின் சூட்டில் காட்டினால் சுருங்கிக் காணாமல் போகும். நேர் வெயில் விழும் இரும்புக் கதவில் இந்தப் பசை மறுபடி இளகிப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சரியக்கூடும், அந்த இடத்துக்கு இது வேண்டாம்.

வெள்ளைப் பசை மலிவு, பாதுகாப்பு. மெல்லிய தாளில் அதிகம் வைத்தால் தாள் சுருங்கும், பிடிக்க நேரம் எடுக்கும், முழு பலம் வர ஒரு நாள் ஆகும். ஒட்டிய பூ நகராமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவைக்கலாம். அட்டையில் துணியோ ரிப்பனோ வைக்கிறீர்கள் என்றால் ஸ்டேப்ளரே போதும், பின் தெரியும் இடத்தை அடுத்த மடிப்பு மூடிவிடும். இருபக்க டேப்பை நம்பி எதையும் தொங்கவிடாதீர்கள். தூசியும் ஈரமும் பட்டால் ஓரத்திலிருந்து கிளம்பி வந்துவிடும்.

இப்போது எதை எடுப்பது

எங்கே தொங்கப் போகிறது, எத்தனை நாளுக்கு, வீட்டில் என்ன இருக்கிறது, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முடிவு தானாக வரும். ஒரு விழாவுக்கு மட்டும், வீட்டுக்குள்ளே, குழந்தைகளோடு சேர்ந்து என்றால் அட்டையும் காகிதப் பூவும் வெள்ளைப் பசையும். வருடாவருடம் எடுத்து மாட்ட வேண்டும், வாசலில் கூரைக்குக் கீழே தொங்கும் என்றால் கம்பியும் துணிக் கீற்றும். கம்பி துருப்பிடித்துத் துணியில் கறை ஏறாமலிருக்க முதலில் அதில் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒரு மாலைப் பொழுதுக்குள் வேலை முடிய வேண்டும் என்றால் கொடி வளையமும் ஓரத்தில் ஒரு கொத்தும். மாதத்துக்கு ஒரு தோற்றம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் மட்டும் தெர்மாகோலும் ஒரு டப்பா குண்டூசியும் வாங்கட்டும். பரிசாகக் கொடுப்பதற்கு என்றால் நூல் சுற்றிய அட்டை வளையம், பட்டை 3 செ.மீ. போதும், ஒரு பக்கம் மூன்று பெரிய பூ.

எதைச் செய்தாலும் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரிப்பன் முடிச்சு, பெரிய பூ மாதிரியான கனமான பொருள்கள் கீழ்ப்பாதியில் இருந்தால் வளையம் தானே நேராக நிற்கும். மேலேயோ பக்கத்திலோ வைத்தால் ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று கோணலாகும். பக்கத்தில்தான் பூ வேண்டும் என்றால் ஒரே கொக்கியில் தொங்கவிடாமல், வளையத்தின் பின்னால் இரண்டு இடங்களில் கயிறு கட்டி இரண்டு கொக்கியில் மாட்டிவிடுங்கள். கதவில் உரசும் பின்பக்கத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டிவிட்டால் பெயிண்டில் கீறலும் விழாது.